தொலைபேசி எடுக்கும் மாணவர்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் வானொலியின் வரலாற்றைப் பற்றிப் பேசலாமே என்றுதான் இதழியல் துறைத்தலைவர் முதலில் கேட்டார். அதைப் பேசத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பதினோரு ஆண்டுகள் தென் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் சமுதாய வானொலியில் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்தேன். நேயர்கள் தொலைபேசியில் கலந்துகொள்ளும் ஒரு மணி நேர நேரலை நிகழ்ச்சியைத் தயாரிக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றியே பேச அனுமதி கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் புதிய குழு வரும். பத்துப் பன்னிரண்டு பேர். முதல் நாள் அவர்களை ஸ்டுடியோவுக்குள் அழைத்துப்போய் எல்லா இருக்கைகளையும் காட்டுவேன். மைக் முன்னால் தொகுப்பாளர் நாற்காலி, அதற்கு எதிரே விருந்தினர் நாற்காலி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலியைக் கட்டுப்படுத்தும் கன்சோல், அதன் பின்னால் தயாரிப்பாளர் நிற்கும் இடம். கடைசியாக, கதவோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் தொலைபேசி, ஒரு நோட்டு, நூல் கட்டிய பேனா. "உங்களுக்குப் பிடித்த இடத்தில் உட்காருங்கள்" என்பேன். பதினோரு ஆண்டுகளிலும் மைக் முன்னால் நெருக்கியடித்தார்கள். கதவோர மேசையில் தாமாகப் போய் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மேசையில் இருப்பவரே நிகழ்ச்சியின் உண்மையான ஆசிரியர் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. நேரலைப் பேச்சு நிகழ்ச்சியைக் கற்பிப்பது என்றால் பேசக் கற்பிப்பது என்று நம் கல்லூரிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. பாடத்திட்டத்தைப் பார்த்தால் குரல் பயிற்சி, உச்சரிப்பு, ஆர்ஜே ஆவது எப்படி என்றுதான் இருக்கிறது. கேட்கப் பழக்குவதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

முதலில், இந்த மைக் மாணவர் கைக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சென்னையில் வானொலியை முதலில் தொடங்கியது அரசாங்கம் இல்லை. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரைச் சேர்ந்த ஆர்வலர்களும் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம்தான் அது. மூன்றே ஆண்டுகளில் பணமில்லாமல் அது நின்றுபோனது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. குடிமக்கள் தொடங்கிய ஒன்று அரசின் கைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் காத்திருந்து, 2002 இறுதியில்தான் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்ற கொள்கை வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. தொண்டு நிறுவனங்களுக்கு அந்த வாசல் திறந்தது 2006-இல். 1924-இல் சென்னைக் குடிமக்கள் தொட்ட மைக்கைச் சென்னை மாணவர்கள் தொட 80 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதைச் சொல்லும்போது மாணவர்கள் மைக்கைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறும்.

சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் அலைபரப்புத் திறன் 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டர் வரை. 100 வாட் என்பது நம் வீடுகளில் முன்பு எரிந்த பெரிய குண்டு பல்பின் திறன். ஒரு பல்பு எரியும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் பேசுகிறோம். இதை ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதுதான் பெரிய வசதி. நேயர் சொல்லும் தெருவை மாணவருக்குத் தெரியும். அவர் சொல்லும் ரேஷன் கடையில் மாணவருடைய அம்மாவும் வரிசையில் நின்றிருப்பார்.

இனி வேலைக்கு வருகிறேன். தொலைபேசியைக் கன்சோலோடு இணைக்க ஹைப்ரிட் என்று ஒரு பெட்டி உண்டு. போகிற பேச்சும் வருகிற பேச்சும் தொலைபேசியில் ஒரே ஜோடிக் கம்பியில்தான் ஓடும். அவற்றைப் பிரித்துக்கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. நேயருக்கு ஸ்டுடியோவின் எல்லாச் சத்தமும் போக வேண்டும், அவருடைய சொந்தக் குரல் மட்டும் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதை நான் வாயால் விளக்குவதில்லை. ஒரு மாணவரை உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டி, அவர் பேசுவது கால் நொடி தள்ளி அவர் காதுக்கே வருமாறு கணினியில் அமைத்துவிட்டு, அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். இரண்டாவது வரியிலேயே நாக்கு குழறும். நன்றாகப் படிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டுகிற பிள்ளைபோல இழுக்கும். மூன்றாவது வரியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடும். "பக்கத்து ஊரிலிருந்து போன் போடும் அம்மா, தன் குரலே திரும்பக் கேட்டால் இப்படித்தான் திணறுவார். அவரை நீ படிக்காதவர் என்று நினைத்துவிடுவாய்" என்பேன். பிறகு அந்த மாணவர், ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு முறை பார்ப்பார்.

வீட்டில் வானொலியை அலறவிட்டுக்கொண்டே நேயர் போன் செய்தால் அந்தச் சத்தம் தொலைபேசி வழியாக ஸ்டுடியோவுக்குள் வந்து கூவும். "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்ற வாக்கியம் தமிழ்நாடு முழுவதும் எல்லோருக்கும் மனப்பாடம். அதை ஒலிபரப்பில் சொல்ல நேர்ந்தால் கதவோர மேசையில் இருந்தவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே அவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் செய்ய வேண்டியவை இன்னும் உண்டு. பெயரை ஒலிபரப்பில் சொல்லலாமா என்று கேட்க வேண்டும். சொல்ல விரும்பாதவருக்கு அந்த உரிமையைக் கொடுக்க வேண்டும். "உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்காங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லி, அவருடைய காசையும் நேரத்தையும் மதிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அவர் எதற்காகக் கூப்பிடுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் கேட்கிற கேள்வியும் அவர் கூப்பிட்ட காரணமும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாமாண்டு மாணவி ஒருவர். அன்றைய பேச்சு நாய்க்கடியைப் பற்றியது. அரசு மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். மைக் முன்னால் இருந்த மாணவர் குரல்வளம் மிக்கவர். தயாரித்த பதினைந்து கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அந்த மாணவி. ஒரு பாட்டி கூப்பிட்டார்.

"நாய்க்கு வெறி புடிச்சிருக்கான்னு எப்படிப்பா பாக்குறது?"

பொதுவான கேள்வி. நோட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் வைத்திருக்கலாம். அவருக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். மாணவி ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்.

"எதுக்குப் பாட்டி கேக்குறீங்க? வீட்டுல யாரையாவது கடிச்சிருச்சா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு மெதுவாக, "பேரனுக்குக் கால்ல லேசா பல்லுப் பட்டுச்சு. நாலு நாளாச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டியிருக்கேன். மக வேலைக்குப் போயிருக்கா, திட்டுவான்னு சொல்லல."

மாணவி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்: "வரிசை வேண்டாம். இவர் இப்போதே. குழந்தை, 4 நாள், ஊசி போடவில்லை." எழுதியதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தொகுப்பாளர் ஏழாவது கேள்வியில் இருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாணவி விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். ஒலிபரப்பில் அந்தச் சத்தம் போயிருக்கும், போகட்டும். மருத்துவர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு, தான் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டு, "அந்த அம்மாவைக் கொடுங்க" என்றார்.

பாட்டி ஒலிபரப்பில் இரண்டு நிமிடம்தான் இருந்தார். கட்டைப் பிரியுங்கள், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள், பையனைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், நாலு நாள் ஆனாலும் ஊசி போடலாம், காசு இல்லை என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னார். இன்று ஒன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி போட்டே சொல்லிக்கொடுத்தார். பாட்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். வெறிநாய்க்கடி நோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை என்பதை அதற்குப் பிறகுதான், பாட்டியின் இணைப்பைத் துண்டித்தபின், மற்ற நேயர்களுக்குச் சொன்னார். எதை முதலில், எதைப் பிறகு சொல்வது என்ற அவருடைய அந்த வரிசையை நான் இன்றும் வியக்கிறேன். அடுத்த அரை மணி நேரத்தில் தொலைபேசி ஓயவில்லை. கடிபட்டும் சொல்லாமல் இருந்தவர்கள் ஐந்து பேர். பதினைந்து கேள்விகளில் மீதி எட்டும் கேட்கப்படவே இல்லை.

"எதுக்குப் பாட்டி கேக்குறீங்க?" என்ற அந்தக் கேள்வி எந்தப் பாடநூலிலும் இல்லை. அந்த மாணவிக்கு அது வந்தது எப்படி என்று பிறகு கேட்டேன். "எங்க அம்மாச்சியும் இப்படித்தான் சார், சுத்தி வளைச்சுத்தான் கேப்பாங்க" என்றார். நம் ஊர் மனிதர்கள் துன்பத்தை நேராகச் சொல்லிவிடுவதில்லை என்பதை அறிந்த காது அது.

தவறு நடந்த நாளையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நிலையங்களில் நேரலைப் பேச்சை ஏறத்தாழ ஏழு நொடி தாமதித்து ஒலிபரப்புவது நெடுநாள் வழக்கம். யாராவது தகாத சொல் சொன்னால் பொத்தானை அழுத்தி அதை விழுங்கிவிடலாம். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஒருநாள் குடிநீர் பற்றிய பேச்சில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீரை உறிஞ்சுவதாகப் பெயரோடும் கதவு எண்ணோடும் சொல்லிவிட்டார். பொறுப்பில் நான் இருந்தேன். ஃபேடரை இறக்க நான்கு நொடி ஆனது. அதற்குள் எல்லாம் போய்விட்டது. மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடு நேரில் வந்தார். அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்ல மோட்டாரே இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே அதே நேரத்தில் மன்னிப்பு ஒலிபரப்பினோம். அதை எந்த மாணவரையும் வாசிக்க விடாமல் நானே வாசித்தேன். அன்றிலிருந்து, ஆளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சொல்லக் கூடாது என்பதை இணைப்புக்கு முன் நேயரிடம் சொல்லும் பழக்கம் வந்தது. கருவி வாங்கப் பணம் உள்ள நிலையங்கள் வாங்க வேண்டும். இல்லாத நிலையங்களுக்குக் கதவோர மேசைதான் அந்த ஏழு நொடி.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில் மாணவர்கள் முதல் இரண்டு மாதம் தடுமாறுவார்கள். "பெண் கல்வியின் முக்கியத்துவம்" என்று தலைப்பு வைப்பார்கள். ஒரு மணி நேரமும் தொலைபேசி ஊமையாக இருக்கும். முக்கியம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பற்றி யார் கூப்பிட்டு என்ன சொல்வார்கள்? "உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது?" என்று அடுத்த வாரம் வைத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குடம் வைப்பதால் பள்ளியில் தூங்கிவிடும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி கூப்பிட்டாள். பெண் கல்வி அன்றுதான் பேசப்பட்டது.

சமுதாய வானொலி தானாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துத் தரலாம், அவ்வளவுதான். வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், நோய் எச்சரிக்கை போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உரிமையை வானொலிக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன். ஆனால் விதி இருக்கும்வரை அதற்குள் நின்று, கட்சி பேசாமல் குழாயைப் பற்றிப் பேசுவதற்கு மாணவர்கள் பழகினார்கள். அது எளிய பயிற்சி இல்லை.

நேயர் பேசுவது புதிய வழக்கமும் இல்லை. 1956-இல் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்களை அகில இந்திய வானொலி யுனெஸ்கோவின் துணையோடு நடத்திப் பார்த்தது. ஊரார் கூடி உட்கார்ந்து கேட்பார்கள், விவாதிப்பார்கள், கேள்விகளை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். தொலைபேசி செய்வதை அன்று தபால் செய்தது. நம் தஞ்சை மாவட்டத்தில் 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பயிரிட்ட விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். ஓர் ஊடகத்தின் பெயரை விளைச்சலுக்கு வைக்கிற அளவுக்கு அதைத் தமதாக்கிக்கொண்ட நேயர்கள் அவர்கள். 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை வானொலி காற்றையும் அலையையும் பற்றிச் சொல்வதும் அந்த வழியில்தான்.

மொழி பற்றி ஒன்று. மைக் முன்னால் உட்கார்ந்ததும் மாணவர்களுக்கு இரண்டில் ஒரு நோய் வரும். ஒன்று, மேடைத் தமிழ். மற்றொன்று, தனியார் பண்பலைகளிடம் கற்ற ஆங்கிலம் கலந்த அவசரத் தமிழ். இரண்டில் எதைக் கேட்டாலும் நேயர் சுருங்கிப்போவார், தன் பேச்சு குறைவானது என்று நினைப்பார். ஒலிபரப்பைப் பற்றித் தமிழில் முன்னோடியாக "ஒலிபரப்புக் கலை" என்ற நூலை எழுதியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் "தமிழோசை" என்று பெயர் வைத்தவரும் அவரே. அந்த நூலை நம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். என் பங்குக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டில் அத்தையிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள், அத்தை பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவையே எங்கள் பாடநூல் ஆக்கிக்கொண்டோம். ஒரு மாணவர் கையில் நிறுத்துக் கடிகாரம். நேயர் பேசும்போது ஓடவிட வேண்டும், மற்றவர் பேசும்போது நிறுத்த வேண்டும். முதல் குழுவின் முதல் நிகழ்ச்சியில், அறுபது நிமிடத்தில் நேயர்கள் பேசியது 9 நிமிடம். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன், வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் குழு படிப்பை முடித்துப் போகும்போது அது 31 நிமிடமாகியிருந்தது. தொகுப்பாளர் "ம்", "அப்புறம்?" என்று மட்டும் சொல்லி ஒருவரை மூன்று நிமிடம் பேசவைத்த இடங்களை இப்போதும் புது மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

உரிமம் வாங்கி வைத்திருக்கும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் பல. அவற்றில் சில, நாள் முழுவதும் சினிமாப் பாட்டும் முன்பே பதிவுசெய்த உரைகளும் ஒலிபரப்பி ஒப்பேற்றுகின்றன. நேரலை என்றால் நிர்வாகங்களுக்கு அச்சம். அந்த அச்சம் எனக்குப் புரியும், மன்னிப்பு வாசித்தவன் நான். ஆனாலும் இங்கு வந்திருக்கும் முதல்வர்களையும் துறைத்தலைவர்களையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் தொலைபேசியைத் திறந்துவையுங்கள். ஒரு மருத்துவரையோ மின்வாரிய ஊழியரையோ வங்கி அலுவலரையோ அழைத்து உட்காரவையுங்கள். முதல் ஆறு மாதம் எந்த மாணவருக்கும் மைக் கொடுக்காதீர்கள். எல்லோரும் முறைவைத்துக் கதவோர மேசையில் உட்காரட்டும்.

அந்தப் பாட்டி இருபத்தொன்பதாம் நாள் மீண்டும் கூப்பிட்டார். அன்று தலைப்பு வேறு. ஒலிபரப்பில் வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். "நாலாவது ஊசியும் போட்டாச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிருங்க" என்றார். மேசையில் அன்று இருந்த முதலாண்டு மாணவர் அதை நோட்டில் தேதியோடு எழுதிவைத்தார்.